டேங்க்கை நீங்களே பாருங்கள்: விமான எரிபொருளில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறீர்களா? ஏஎம்இ படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் ஹேங்கருக்குள் கால் வைக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு நாளை காலை வேலைக்குப் போங்கள்.

என்ஜினைப் பற்றி உங்களுக்கு மாதக்கணக்கில் பாடம் எடுப்பார்கள். ஃப்யூயல் சிஸ்டத்துக்குப் பலகையில் ஒரு படம், இரண்டு வகுப்பு, அவ்வளவுதான். ஆனால் நடுவானில் என்ஜின் நின்றுபோன விபத்து அறிக்கைகளை எடுத்துப் படித்தால், அவற்றில் பலவற்றில் என்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எரிபொருள் தீர்ந்திருக்கும், தண்ணீர் கலந்திருக்கும், அல்லது டேங்க் நிறைய இருந்தும் என்ஜினுக்கு வந்து சேர்ந்திருக்காது. அதற்கும் பின்னால் போய்ப் பார்த்தால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் தன் கண்ணால் பார்க்காமல் நம்பியிருப்பார். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

முதலில் சிஸ்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நீங்கள் பெரும்பாலும் தொடங்கப்போவது செஸ்னா 172-ல் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 172எஸ் மாடலில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க். இறக்கை உங்கள் தலைக்கு மேலே இருப்பதால் எரிபொருள் தன் எடையாலேயே இறங்கி செலக்டர் வால்வுக்கு வரும். அங்கிருந்து சிறிய ரிசர்வாயர் டேங்க், எலெக்ட்ரிக் பம்ப், ஷட்டாஃப் வால்வு, ஸ்ட்ரெய்னர், என்ஜின் ஓட்டும் பம்ப், கடைசியில் இன்ஜெக்டர். டேங்க்கில் குறையும் எரிபொருளின் இடத்துக்குக் காற்று வர வென்ட் குழாய் ஒன்று. ஜெட்டில் டேங்க்குகள் கூடும், பூஸ்டர் பம்ப், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கிராஸ்ஃபீட், ஆயிலின் சூட்டில் எரிபொருளைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் சேரும். வழி ஏறக்குறைய இதேதான்.

இங்கே சொல்வது எதுவும் உங்கள் விமானத்தின் கையேட்டுக்கு மேலானது அல்ல. இரண்டும் முரண்பட்டால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

செய்ய வேண்டியவை

மூடியைத் திறந்து, டிப் ஸ்டிக் விட்டு அளந்து பாருங்கள். கேஜ் முள் என்ன சொன்னாலும் சரி. பல சின்ன விமானங்களில் டேங்க்குக்குள் இருப்பது ஒரு மிதவையும் கம்பியும்தான். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே முள் கதையை மாற்றிச் சொல்லும். ஏணி எடுத்து வரச் சோம்பல்படாதீர்கள். அந்த விமானத்துக்கென்று அளவு குறித்த குச்சியையே எடுங்கள். பக்கத்து விமானத்தின் குச்சி பார்க்க அதே மாதிரி இருக்கும், அதன் டேங்க் வேறு அளவாக இருக்கலாம்.

பயன்படும் அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். 172எஸ்-ன் இரண்டு டேங்க்கிலும் சேர்த்துப் பிடிப்பது 56 அமெரிக்க கேலன். என்ஜினுக்குக் கிடைப்பது 53. மீதி 3 கேலனின் எடையைச் சுமக்கலாம், எரிக்க முடியாது.

ஒவ்வொரு டிரெயினிலும் சாம்பிள் எடுங்கள், ஒன்றைக்கூட விடாமல். அன்றைய முதல் பறப்புக்கு முன்பும், ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பிய பிறகும். 172எஸ்-ல் மொத்தம் 13 டிரெயின்: இறக்கைக்கு ஐந்து, வயிற்றுக்கு அடியில் மூன்று. பத்தாவதில் முதுகு வலிக்கும், மீதி மூன்றை விட்டுவிடலாம் என்று தோன்றும். சிஸ்டத்திலேயே தாழ்வான இடங்கள் அந்த வயிற்றுப் பக்க மூன்றுதான். தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

எடுத்த கோப்பையை இறக்கையின் வெள்ளைப் பெயிண்டுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஏவிகேஸ் 100எல்எல் என்றால் வெளிர்நீலம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தனியாக உருண்டு நிற்கும்; கோப்பையை லேசாகச் சாய்த்தால் அது மட்டும் நகரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் இரண்டையும் பிரிக்கும் கோடே தெரியாது. "சுத்தமாக இருக்கிறதே" என்று கொட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் கோட்டைத் தேடுவதோடு நிற்காமல் நீலம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு மோந்து பாருங்கள்.

சந்தேகம் வந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடுங்கள். ஏவிகேஸ் காய்ந்தால் சுவடே இருக்காது. ஜெட் ஃப்யூயல் கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும்.

எரிபொருள் நிரப்பும் பவுசர் வண்டி வந்தால் பக்கத்தில் போய் நில்லுங்கள். டீ குடிக்கப் போகும் நேரமல்ல அது. பிஸ்டன் என்ஜின் விமானத்தில் ஜெட் ஃப்யூயலை ஊற்றிவிட்டால் உடனே எதுவும் தெரியாது. குழாய்களில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளில் என்ஜின் ஸ்டார்ட் ஆகும், டாக்ஸி பண்ணும், ரன்-அப் கூடச் சரியாக வரும். முழு பவர் கொடுத்து ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரத்தில்தான் தப்பான எரிபொருள் சிலிண்டருக்கு வந்து சேரும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற சாகச விமானி பாப் ஹூவருக்கு இதுதான் நடந்தது. அவரும் உடன் வந்தவர்களும் உயிர் தப்பினார்கள். எரிபொருளை மாற்றி நிரப்பிய ஊழியரையே மறுபடி கூப்பிட்டுத் தன் இன்னொரு விமானத்துக்கு நிரப்பச் சொன்னார் ஹூவர். ஜெட் ஃப்யூயல் குழாய்க்கு அகலமான தட்டை வாய் வந்ததும், அதற்கு ஹூவர் நாசில் என்று பெயர் வந்ததும் இதற்குப் பிறகுதான். அந்த வாய் ஏவிகேஸ் டேங்க்கின் சிறிய துவாரத்துக்குள் நுழையாது. எல்லா பவுசரிலும் அது மாட்டியிருக்கும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. டேங்க் மூடியின் அருகே எழுதியிருப்பதையும் பவுசரின் மேல் எழுதியிருப்பதையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். கையெழுத்துப் போடும் ரசீதில் எந்த எரிபொருள் என்றும் பாருங்கள்.

முதலில் பாண்டிங் வயர், பிறகு மூடி. குழாயில் வேகமாகப் பாயும் எரிபொருள் ஸ்டாடிக் மின்சாரத்தைச் சேர்க்கும். பவுசரும் விமானமும் வயரால் இணைந்திருந்தால் நாசில் நுனியில் பொறி பறக்க வாய்ப்பில்லை. கழற்றும்போது வரிசை தலைகீழ்: மூடி முதலில், வயர் கடைசியில். இடி மின்னல் நெருங்கினால் நிரப்புவதை நிறுத்துங்கள்.

எண்ணோடு அலகையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு தாளிலும். 1983 ஜூலை 23 அன்று மாண்ட்ரியலில் நடந்ததைக் கேளுங்கள். ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767. அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டில் கணக்கிட, இது கிலோவில் கணக்கிடும் விமானம். கேஜ் வேலை செய்யவில்லை, அதனால் டேங்க்குகளைக் கையால் அளந்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8 சொச்சத்தால் பெருக்க வேண்டும். தாளில் இருந்த எண்ணோ 1.77. ஒரு லிட்டரின் எடைதான் அது, ஆனால் பவுண்டில். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லை. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினால் 13,597. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். 20,088 லிட்டர் ஏற்ற வேண்டிய விமானத்தில் 4,900 லிட்டர் சொச்சம்தான் ஏறியது.

41,000 அடியில் ஃப்யூயல் பிரஷர் எச்சரிக்கை ஒலித்தது. சில நிமிடங்களில் இரண்டு என்ஜினும் நின்றன. கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் பாப் பியர்சன், கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் அதை இறக்கினார். அந்த ஓடுபாதை அப்போது கார் பந்தய மைதானமாகியிருந்தது. ஆட்கள் வேறு கூடியிருந்தார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கைப் போட்டவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள், திரும்பச் சரிபார்த்தும் இருக்கிறார்கள். ஒரே தப்பான எண்ணால் எத்தனை பேர் சரிபார்த்தாலும் அதே தப்பான விடைதான் வரும்.

வென்ட் வாயைக் குனிந்து பாருங்கள். 172-ல் இடது இறக்கைக்கு அடியில், ஸ்ட்ரட் அருகே இருக்கும். நம் ஊர்க் குளவிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. மண் அடைத்துவிட்டால் டேங்க்குக்குள் காற்று போகாது, உள்ளே வெற்றிடம் உருவாகும், எரிபொருள் இறங்காது. விமானம் நிற்கும்போது கவர் மாட்டுங்கள். பறக்கும் முன் கழற்றியதைத் தொட்டு உறுதி செய்யுங்கள்.

மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். வெடித்திருந்தால், தட்டையாகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மழையில் வெளியே நின்ற விமானத்துக்குள் தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் அதுதான். எடை அனுமதித்தால் இரவில் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். உள்ளே காலி இடம் குறைந்தால் காற்றின் ஈரம் தண்ணீராகப் படிவதும் குறையும்.

எரிபொருளை நேரமாக நினையுங்கள். "அரை டேங்க் இருக்கிறது" என்பது பேச்சல்ல. "இன்னும் இரண்டு மணி பத்து நிமிடம்" என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் விஎஃப்ஆர் விதி கேட்கும் ரிசர்வ் பகலில் 30 நிமிடம், இரவில் 45. இவை சட்டத்தின் அடிமட்டம். பயிற்சியில் இருக்கும்வரை ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் இறங்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் 173 விமானம் சக்கரக் கோளாறு ஒன்றை ஆராய்ந்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டது. எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். அந்த நேரம் முழுக்க கேஜ் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மாட்டும் முன் பார்ட் நம்பரை ஐபிசி என்ற பாகங்களின் பட்டியல் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மெக்கானிக்குகளே, இது உங்களுக்கு. 2005 ஆகஸ்ட் 6, துனிசியாவின் துனின்டர் நிறுவன ஏடிஆர் 72. முந்தைய நாள் பழுதான ஃப்யூயல் கேஜை மாற்றியிருந்தார்கள். மாட்டியது ஏடிஆர் 42-க்கான கேஜ். அதே சைஸ், அதே துளை, அதே கனெக்டர். அழகாகப் பொருந்தியது. ஆனால் அது வேறு அளவு டேங்க்குக்குக் கணக்கிடப்பட்ட கேஜ் என்பதால், டேங்க் வற்றிய பிறகும் 1,800 கிலோ இருப்பதாகவே காட்டியது. சிசிலிக்கு அருகே கடலில் இறங்க வேண்டியதாயிற்று. 39 பேரில் 16 பேர் இறந்துபோனார்கள். பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஃப்யூயல் லைனில் கை வைத்தால், என்ஜினை ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். நின்ற நிலையில் காய்ந்திருக்கும் மூட்டு, பிரஷர் ஏறியதும் கசியும். டார்ச்சும் உலர்ந்த வெள்ளைத் துணியும் எடுத்துப் போங்கள். பழைய ஓ-ரிங்கைத் திரும்ப மாட்டாதீர்கள்.

கசிவைப் பார்த்தால் துடைத்துவிட்டு 30 நிமிடம் காத்திருந்து அளந்து பாருங்கள். ஈரம் முக்கால் அங்குலத்துக்குள் நின்றால் ஸ்டெயின். ஒன்றரை அங்குலம்வரை சீப். நான்கு அங்குலம்வரை ஹெவி சீப். சொட்டினால் ரன்னிங் லீக், சரிசெய்யாமல் விமானம் நகரக்கூடாது. மற்ற மூன்றும் திறந்தவெளிப் பரப்பில் இருந்தால் கவனித்துக்கொண்டே பறக்க மேன்யுவல் இடம் தரலாம். ஆவி சேரும் மூடிய இடத்தில் என்றால் சின்ன ஸ்டெயினையும் விடாதீர்கள். "லேசா கசியுது" என்று லாக்கில் எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு ஒன்றும் புரியாது. இடம், அளவு, நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

டேங்க்குக்குள் நுழையும் முன் உள்ளே இருக்கும் காற்றை மீட்டரால் அளக்க வையுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது; ஆவியின் அளவு எல்இஎல்-ல், அதாவது ஆவி தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில், 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எரிபொருள் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போய்விடாது. வெளியே ஒருவர் நின்றே ஆக வேண்டும். உள்ளே பருத்தி உடுப்பும் தீப்பொறி வராத வகை டார்ச்சும் மட்டும். கொண்டுபோன கருவிகளை எண்ணி வையுங்கள், வெளியே வந்ததும் எண்ணுங்கள், துணிகளையும் சேர்த்து.

"மேடே ஃப்யூயல்" என்று இன்றே உரக்கச் சொல்லிப் பழகுங்கள். வாய் வராமல் போகும் வார்த்தை அது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் மேலே காத்திருந்து காத்திருந்து எரிபொருள் தீர்ந்த அவியான்கா 52-ன் விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். எமர்ஜென்சி என்று கடைசிவரை அறிவிக்கவில்லை. 73 பேர் இறந்தார்கள். இப்போது இதற்கென்றே சொற்கள் இருக்கின்றன. "மினிமம் ஃப்யூயல்" என்றால் இனி தாமதம் தாங்காது என்ற தகவல், முன்னுரிமை கிடைக்காது. "மேடே ஃப்யூயல்" என்றால்தான் எமர்ஜென்சி.

செய்யக்கூடாதவை

சந்தேகத்துக்கிடமான கேஜோடு "சமாளித்துக்கொள்ளலாம்" என்று கிளம்பாதீர்கள். எதெது பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று எம்இஎல் பட்டியல் சொல்லும். அதில் இல்லாததை உங்கள் தைரியத்தால் சேர்க்க முடியாது.

வேலையைப் பாதியில் விட்டு, எழுதாமல் நகராதீர்கள். கிம்லி விமானத்தின் கேஜ் ஏன் இருண்டிருந்தது தெரியுமா? எரிபொருளை அளக்கும் கருவியில் இரண்டு சேனல்கள், ஒன்று பழுது. முதல் மெக்கானிக் அந்தச் சேனலின் பிரேக்கரை வெளியே இழுத்து, டேக் ஒட்டி, மற்றதை வைத்து கேஜை ஓட வைத்தார். நல்ல வேலைதான். மாண்ட்ரியலில் இன்னொருவர் சோதித்துப் பார்க்க அந்தப் பிரேக்கரை உள்ளே தள்ளினார், கேஜ் அணைந்தது, அதற்குள் வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். பிரேக்கர் உள்ளேயே இருந்துவிட்டது. டேக் மட்டும் பழைய இடத்தில் தொங்கியது. வந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றியது. யாராவது கூப்பிட்டால், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி எழுதி முடித்துவிட்டுப் போங்கள். மேலதிகாரி கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

பங்க் பெட்ரோலை ஊற்றாதீர்கள். இந்தியாவில் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத ரப்பரையும் சீலன்ட்டையும் கெடுக்கும். பெட்ரோலோ சூட்டில் எளிதாக ஆவியாகிக் குழாயை அடைக்கும். ஏவிகேஸ் விலை பார்த்தால் ஆசை வருவது நியாயம்தான். 2022-ல் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த 100எல்எல்-ஐ அறிமுகப்படுத்தும்வரை அது இங்கே இறக்குமதிச் சரக்கு. இருந்தாலும் ஊற்றாதீர்கள். வாகன பெட்ரோலில் ஓட முறையான ஒப்புதல் பெற்ற விமானம் என்றால் அதன் கையேடே சொல்லும், எந்த வகை என்பதையும் சேர்த்து.

ஒரு கோப்பைத் தண்ணீர் வந்ததும் "எடுத்தாச்சு" என்று கிளம்பாதீர்கள். சுத்தமாக வரும்வரை எடுங்கள், இறக்கையை மெல்ல ஆட்டி, சில நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். பிறகும் வந்தால் ஏஎம்இ-யைக் கூப்பிடுங்கள். அன்றைக்குப் பறப்பு இல்லை என்றாலும் பரவாயில்லை.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸா" என்று சிரிக்காதீர்கள். தரையில் 40 டிகிரி இருக்கலாம். மேலே மணிக்கணக்கில் பறக்கும் ஜெட்டின் இறக்கையில் எரிபொருள் மைனஸ் 30-க்கும் கீழே போகும். 2008 ஜனவரி 17 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777 ஒன்று பெய்ஜிங்கிலிருந்து வந்து ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்பே புல்லில் விழுந்தது. எரிபொருள் உறையவே இல்லை. அதில் இயல்பாகக் கரைந்திருந்த சிறிதளவு தண்ணீர் ஐஸாகிக் குழாயில் படிந்து, பவர் கேட்டபோது பெயர்ந்து ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயை அடைத்துவிட்டது. ஒருவரும் சாகவில்லை. ஜெட் டேங்க்கில் தண்ணீர் வடிக்கும் வேலை கார்டில் வந்தால், செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டேங்க்கில் பூஞ்சை கண்டால் மருந்தை மனக்கணக்கில் ஊற்றாதீர்கள். தண்ணீரும் கெரசினும் சந்திக்கும் கோட்டில் ஒருவகைப் பூஞ்சை வளரும். டேங்க்கின் அடியில் பழுப்பும் கறுப்புமாக, விரலில் வழுக்கும் படலம். ஃபில்டரை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும், கேஜ் புரோபை ஏமாற்றும். இதற்கு பயோசைட் உண்டு, அதன் அளவு பிபிஎம்மில். 2020 பிப்ரவரி 26 அன்று லண்டன் காட்விக்கில் புறப்பட்ட ஏர்பஸ் ஏ321 ஒன்றில் மேலே ஏறும்போது என்ஜின்கள் தடுமாறின, திரும்பி இறங்கியது. பராமரிப்பில் போட்ட பயோசைட் 38 மடங்கு அதிகம். பிபிஎம் கணக்கில் வந்த பிழை. லிட்டரா கிலோவா என்று எழுதி, இரண்டாவது ஆளைத் தனியாகக் கணக்குப் போட வையுங்கள். உங்கள் தாளை அவரிடம் காட்டாதீர்கள்.

ஃபில்டரில் வந்ததைத் துடைத்து எறியாதீர்கள். ஜிப் கவரில் போட்டுத் தேதி, விமானம், எந்த ஃபில்டர் என்று எழுதி வையுங்கள். 2010 ஏப்ரல் 13 அன்று சுரபயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் ஏ330-ன் இரண்டு என்ஜினும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; ஒன்று பவரைக் குறைக்கவே மறுத்ததால் மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையைத் தொட்டது. விமான நிலைய எரிபொருள் குழாயில் உப்புத் தண்ணீர் புகுந்து, எரிபொருள் நிரப்பும் வண்டியின் ஃபில்டரில் தண்ணீரை உறிஞ்ச வைத்திருந்த பாலிமர் வெளியேறி, குட்டி உருண்டைகளாக என்ஜின் வால்வில் போய் ஒட்டியிருந்தது. இது தெரியவந்ததே அந்த உருண்டைகளை எடுத்து ஆராய்ந்ததால்தான்.

லீக் என்று சந்தேகம் இருக்கும்போது கிராஸ்ஃபீடைத் திறக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 24, அட்லான்டிக் மேலே ஏர் டிரான்சாட்டின் ஏ330. சில நாட்களுக்கு முன் மாற்றிய என்ஜினில் ஒத்துவராத ஹைட்ராலிக் குழாயை மாட்டியிருந்தார்கள். அது ஃப்யூயல் லைனோடு உரசி உரசி ஓட்டை போட்டது. ஒரு பக்கம் குறைகிறதே என்று விமானிகள் கிராஸ்ஃபீடைத் திறக்க, நல்ல பக்கத்து எரிபொருளும் அதே ஓட்டை வழியே கடலுக்குப் போனது. என்ஜின் இல்லாமல் 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவில் இறங்கினார்கள், 306 பேரும் உயிரோடு. விமானிக்கு: இரண்டு பக்கமும் சமமாகக் குறையாவிட்டால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். மெக்கானிக்குக்கு: இரண்டு குழாய்களுக்கு நடுவே இடைவெளி இல்லையென்றால் பார்ட் தப்பு, வளைத்து நெளித்து இடம் பண்ணாதீர்கள்.

கிளம்பும் நேரத்தில் செலக்டரை மாற்றாதீர்கள். மாற்றிய டேங்க்கிலிருந்து எரிபொருள் வரவில்லை என்பது, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து முடிந்த பிறகே தெரியும். தரையிலேயே, ரன்-அப்புக்கு முன்பே மாற்றி ஓட விடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு செலக்டரைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று ஓட்டிய விமானத்தில் அது அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும். கலிஃபோர்னியா கடலில் விழுந்து இறந்தார்.

சாய்வான இடத்தில் செலக்டரை "போத்"தில் விட்டுப் போகாதீர்கள். ராத்திரியில் மேல் டேங்க் கீழ் டேங்க்குக்கு இறங்கிவிடும். லெஃப்ட் அல்லது ரைட்டில் வையுங்கள்.

ஃப்யூயல் லைனுக்குக் கீழே மின்வயரைக் கொண்டுபோகாதீர்கள். வயர் மேலே, லைன் கீழே. தலைகீழாகச் செய்தால் சொட்டும் எரிபொருள் வயரில்தான் விழும். கேஜ் வயரை "சின்ன கரண்ட்தானே" என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 1996 ஜூலை 17 அன்று டிடபிள்யூஏ 800-ன் நடு டேங்க் வெடித்து 230 பேர் இறந்ததற்கு, வெளியே ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட் கேஜ் வயர் வழியே டேங்க்குக்குள் வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்றார்கள் விசாரித்தவர்கள். பெரிய ஜெட்களின் டேங்க்கில் நைட்ரஜன் நிரப்பும் ஏற்பாடு வந்தது இதன் தொடர்ச்சியாகத்தான்.

பிளாஸ்டிக் வாளியில், கேனில் ஏவிகேஸ் பிடிக்காதீர்கள். ஸ்டாடிக் போக வழியில்லை. இதற்கென்று ஒப்புதல் உள்ள பாத்திரம் ஹேங்கரில் இல்லையென்றால் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சீலன்ட் காய்வதற்குள் டேங்க்கை நிரப்பாதீர்கள். டப்பாவில் எழுதிய நேரம் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சொன்னது. மாதிரிக்கு ஒரு துளி தகட்டில் வைத்து, அது காய்ந்ததா என்று பார்த்து நிரப்புங்கள்.

ஏவிகேஸில் கை கழுவாதீர்கள், சாம்பிளைத் தரையில் வீசாதீர்கள். கிரீஸ் நன்றாகப் போகிறது என்று ஹேங்கரில் சீனியர்களே செய்வார்கள். 100எல்எல்-ல் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் உண்டு, அதுவும் தோல் வழியே உடம்புக்குள் போகும் வடிவத்தில். நைட்ரைல் கையுறை போடுங்கள். சாம்பிளுக்கு மூடியுள்ள ஒரு பாத்திரம் வையுங்கள், சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். அந்த யூனிஃபார்மை வீட்டில் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கப் போடாதீர்கள்.